சாணைக்காரனின் இடது கால்

வலது கால். ஒத்திகையின் மூன்றாவது அடியிலேயே எத்திராஜ் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் கோபம் வந்திருந்தால் நல்ல மனுஷர் என்று சொல்லலாம். அவருக்கு வந்தது சந்தோஷம். வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பிய அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று காகித டம்ளரைத் தூக்கி மூக்குவரை மறைத்துக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் குடித்தார். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், முன்பு ஏதோ கிடங்காக இருந்த தகரக் கூரைக் கட்டடத்துக்குள் ஒரு முழுத் தெருவைக் கட்டி வைத்திருந்தார்கள். குழாயடி இருந்தது, மளிகைக் கடை இருந்தது, கடைக்கு முன்னால் நிஜ நாய் ஒன்றுகூடப் படுத்திருந்தது. அந்தத் தெருக்கோடியிலிருந்து கேமராவை நோக்கி, தோளில் சாணைச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு, முகத்தில் கோணித்துணியைக் கட்டிக்கொண்டு ஒருவன் வலது காலை இழுத்து இழுத்து வருகிறான். இருபத்தெட்டு வருஷம் கழித்து 'சாணைக்காரன்' திரும்ப வருகிறான் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கத்தியைத் தீட்டக் கொடுத்த வீட்டுக்காரர்களையே அந்தக் கத்தியால் அறுத்துப் போடுகிற சாணைக்காரன். எண்பத்தொன்பதில் முதல் பாகம், தொண்ணூற்று ஒன்றில் இரண்டாவது, தொண்ணூற்று ஆறில் மூன்றாவது. மூன்றிலும் ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் ஓர் இடது கால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு வரும். அந்த இடது கால் இதோ, மானிட்டருக்குப் பின்னால் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், எத்திராஜின் வேட்டிக்குக் கீழே சும்மா கிடக்கிறது. பக்கத்தில் வலது காலும் கிடந்தது. அது ஒரே இடத்தில் வைத்திருந்தால் முட்டியில் பிடித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டார். இடது காலப்பா, இடது கால், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை நாக்குக்கு அடியில் வெற்றிலைச் சக்கைபோல ஒதுக்கி வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவன் இதை எங்கே கற்றிருப்பான் என்றும் அவருக்குத் தெரியும். எதிர் வீட்டு ஷர்மிளா, கல்லூரியில் படிக்கிற பெண், போன மாதம் போனைக் கொண்டுவந்து நீட்டி, அங்கிள் உங்க படம் பாருங்க, லட்சம் பேர் பார்த்திருக்காங்க என்றாள். பார்த்தால் அவருக்கே தலை சுற்றியது. தன்னுடைய நடைதான், தன்னுடைய தோள்தான், ஆனால் இழுபடுவது வலது கால். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது பின்னால் இருந்த கடைப்பலகையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிக் கிடந்தது. "திருப்பிப் போட்டாத்தான் அங்கிள் மாட்டிக்க மாட்டாங்க. அப்படியே போட்டா படத்துக்காரங்க கண்டுபிடிச்சுத் தூக்கிடுவாங்க" என்று அந்தப் பெண் விளக்கம் சொன்னாள். அதைப் போட்டவன் திருடினதுதான் திருடினான், திருப்பி வேறு போட்டிருக்கிறான். இப்போது துணிக்குள் நடக்கிற சஞ்ஜித் அதைப் பார்த்துத்தான் படித்திருக்க வேண்டும், வேறு எதைப் பார்த்திருப்பான். நாற்பது நாள் பயிற்சியாம். நடக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், முட்டிக்கு எண்ணெய் போட ஒரு ஆள், வெயிலில் உட்காராமலிருக்க ஒரு வேன். அந்த வேனுக்குள் கண்ணாடி முன்னால் நின்று நாற்பது நாளும் வலது காலை இழுத்திருக்கிறான். எத்திராஜுக்குச் சிரிப்பு வந்தது. கோணித்துணியைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. உள்ளே மெத்தென்று பருத்தித் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவர் கட்டியது அரிசி மண்டியிலிருந்து வாங்கிவந்த மூட்டையை வெட்டி எடுத்தது. ஒரு வாரத்துக்குத் தாடையெல்லாம் தடித்துப்போய், மனைவி பத்மாவதி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, இதுக்கு நீங்க கொத்தனார் வேலைக்குப் போயிருக்கலாம் என்பாள். இவனுடைய தாடை வழுவழுவென்று இருக்கும். முப்பது வயசுகூட ஆகியிருக்காது. காலையில் வந்ததும் காலில் விழுந்து கும்பிட்டான். அதுவும் எரிச்சல்தான். விழாமலிருந்தால் திமிர் பிடித்தவன் என்று நிம்மதியாக வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், விழுந்து தொலைத்து அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

சட்டைப்பையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். புளியங்கொட்டை இருந்தது. காலையில் சமையலறை டப்பாவைத் துழாவி நல்லதாக ஒன்று பொறுக்கி எடுத்தபோது பத்மாவதி ஏதோ கேட்க வந்து கேட்காமல் போய்விட்டாள். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். டைரக்டர் தனபாலனுக்குக்கூடத் தெரியாது, அவர் தெரியாமலே செத்துப்போனார். முதல் படத்தின் இரண்டாம் நாள், எண்ணூர்ப் பக்கம் ஒரு சுவரிலிருந்து குதித்தபோது சாணைச் சக்கரத்தின் இரும்புச் சட்டம் எத்திராஜின் இடது பாதத்தில் விழுந்தது. ஆறு தையல். மறுநாள் வீட்டில் இருந்தால் வேறு ஃபைட்டரைப் போட்டுவிடுவார்கள் என்று கட்டோடு வந்து நின்று நொண்டி நொண்டி நடந்ததைப் பார்த்த தனபாலன் சிகரெட்டைக் கீழே போட்டார். "யோவ், இதுதான்யா, இதை விட்டுடாதே" என்றார். மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது. புண் ஆறியதும் நடை போய்விட்டது. இழுத்துத்தான் பார்த்தார், இழுப்பது தெரிந்தது. வலிக்கிறவன் காலை இழுப்பதில்லை, காப்பாற்றிக்கொள்கிறான், பார்க்கிறவர்களுக்குத்தான் அது இழுப்பதாகத் தெரிகிறது. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போனது. மூன்றாம் நாள் செருப்புக்குள் இடது குதிகாலுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார். நடை திரும்பிவந்தது. ஏழு வருஷம், மூன்று படம், எத்தனையோ கொட்டை. வலியைக் கொட்டை பார்த்துக்கொள்ளும், ஆள் நடந்தால் மட்டும் போதும். இதையெல்லாம் இந்தப் பையனிடம் சொல்லிக் கொட்டையைக் கையில் வைத்து, போ தம்பி, நல்லா இரு என்று அனுப்புவதாகத்தான் பூந்தமல்லி பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தார். நிஜமாகவே நினைத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் காற்று வரும்போது எல்லோருமே வள்ளல்தான். இறங்கி உள்ளே வந்து, அந்தத் தெருவையும் அந்தப் பனிப்புகையையும், தன் தோளில் இருக்கவேண்டிய சக்கரம் இன்னொருவன் தோளில் ஏறுவதையும் பார்த்ததும் கொட்டை சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

புதுசு ஒன்றும் இல்லை, இந்த எரிச்சல் பழைய எரிச்சல். பிரேம்சந்தர் மேல் வந்ததுதான். மூன்று படத்திலும் கடைசி ரீலில் கோணித்துணியை அவிழ்த்தால் உள்ளே பிரேம்சந்தரின் முகம் இருக்கும். ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி, யாரோ துணியை அவிழ்க்க, கண்ணை உருட்டிவிட்டுப் போவார். மற்ற அறுபது நாளும் துணிக்குள் இருந்தவர் எத்திராஜ். ஆனால் திருச்சியில் மாலை போட்டது பிரேம்சந்தரின் கட்அவுட்டுக்கு. மிமிக்ரிக்காரர்கள் இடது காலை இழுத்து நடந்து காட்டிவிட்டு, பிரேம்சந்தர் என்று சொன்னால்தான் ஜனங்கள் கை தட்டினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது பேப்பரில், அந்த மறக்க முடியாத நடைக்குச் சொந்தக்காரர் என்று போட்டிருந்தது. எத்திராஜ் மாலை வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு வேட்டியில் இரண்டு காலையும் நேராக நீட்டிப் படுத்திருந்தார் பிரேம்சந்தர். செத்தவர் காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று அன்றைக்கே நினைத்து அவமானப்பட்டார், அவமானப்பட்டும் பொறாமை போகவில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது. முதல் படம் வந்தபோது பத்மாவதியைக் கூட்டிக்கொண்டு பெரம்பூரில் ஒரு தியேட்டருக்குப் போனார். இருட்டில் சக்கரச் சத்தம் கேட்டதுமே அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கோணித்துணி கதவிடுக்கில் தெரிந்ததும் வீலென்று கத்தி முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள். அடியே அது நான்தான்டி என்று காதில் சொன்னார். சும்மா இருங்க, எனக்குப் பயமா இருக்கு என்றாள். என்னைப் பார்த்துப் பயந்து என்னிடமே ஒளிந்துகொள்கிறாள். கட்டிய பெண்டாட்டியே அது வேறு ஆள் என்று நம்பினால் ஊர் நம்பாதா. அந்த ராத்திரி விளையாட்டாக வராந்தாவில் ஒரு தடவை இழுத்து நடந்து காட்டினார், அவள் அழுதே விட்டாள், இனிமேல் வீட்டில் அந்தக் காலை எடுத்து வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இன்று காலை வாசலில் செருப்பு மாட்டும்போதும் அவள் காலைத்தான் பார்த்தாள். "என்னங்க இது, ஒரு செருப்பு மட்டும் இப்படித் தேயுது. போன ஜோடியும் இதே மாதிரிதான்." "வாங்கின கடை சரியில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். எழுபதை நெருங்கும்போது செருப்பைப் பற்றியெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"மாஸ்டர், டீ சூடா ஒண்ணு சொல்லவா?" என்று யாழினி வந்து குனிந்தாள். படத்தின் டைரக்டர். முப்பத்திரண்டு வயசு, தலையில் தொப்பி, கழுத்தில் விசில். ஆறு வயசில் மூன்றாம் பாகத்தை வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு வாரம் படுக்கையை நனைத்தவள் என்று அவளே மேடையில் சொல்லியிருக்கிறாள். அவர் மாஸ்டர் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. யூனியன் கார்டில் இன்றுவரைக்கும் ஃபைட்டர் என்றுதான் இருக்கிறது. மாஸ்டர் என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் இனிக்கவும் செய்தது, குத்தவும் செய்தது. "வேணாம்மா." "சரி. இதுதான் மாஸ்டர் முக்கியமான ஷாட். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு அவன் முதல் தடவையா நடந்து வர்றான். இதுல எப்படி நடக்கறானோ அதான் படம் பூரா." தெரியும். அதற்காகத்தான் அவரை வரவழைத்திருக்கிறாள். டைட்டிலில் நடை ஆலோசனை எத்திராஜ் என்று தனிக் கார்டு போடப்போகிறாள், அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டாள். மூன்று படத்தில் ஒரு தடவையும் வராத பேர். சண்டைக் கலைஞர்கள் என்று முப்பது பேரைச் சேர்த்துப் போட்ட கார்டில்கூட எழுத்து ஓடின வேகத்தில் எத்திராஜ் தெரியவில்லை. இப்போது தனியாக வரும். தனியாக வரும், அதற்கு அடியில் கால் மாறி வரும், அப்புறம் ஷர்மிளா மாதிரிப் பிள்ளைகள் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கால் என்றுகூடத் தெரியாத ஆலோசகர் யாரப்பா என்று கேட்கும். அதுவும் அவருக்குப் புரியத்தான் செய்தது. தன் மூக்கை அறுத்துக்கொண்டு அடுத்தவனுக்குச் சகுனத்தடை பண்ணுவது என்பார்களே, அதேதான். ஆனால் அறுபடுகிற மூக்கு துணிக்குள் இருக்கிற மூக்குதானே, அதை எவன் பார்த்தான். சிரிக்கப்போவது சஞ்ஜித்தைப் பார்த்து. அவனுடைய நாற்பது நாளைப் பார்த்து, அவனுடைய வேனைப் பார்த்து. அதை நினைக்க நினைக்க ஆறின டீயும் இனித்தது.

விசில் சத்தம். பனிப்புகையை விட்டார்கள். நாயை யாரோ தட்டி எழுப்பி மறுபடி படுக்க வைத்தார்கள். தெருக்கோடியில் சக்கரம் தெரிந்தது, அப்புறம் தலை, அப்புறம் தோள். எத்திராஜுக்கு மூச்சு அடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏன் மூச்சு அடைக்க வேண்டும், அந்தத் துணிக்குள் இருக்கிறவனுக்கல்லவா அடைக்க வேண்டும். ஆனால் அந்த ஈரக் கோணியின் வாசனை வந்துவிட்டது. தண்ணீர் தெளித்துத்தான் கட்டுவார்கள், லைட் பட்டால் மினுங்க வேண்டுமென்று. மூச்சை இழுத்தால் துணி உதட்டில் ஒட்டும், விட்டால் விலகும், இரண்டு ஓட்டை வழியாக உலகம் இரண்டு துண்டாகத் தெரியும். அந்த இரண்டு ஓட்டையிலும் பயந்துபோன முகங்கள்தான் தெரியும். நடிப்புக்குப் பயந்தவர்கள்தான், இருந்தாலும் அத்தனை கண்ணும் தன்னையே பார்க்கும். துணியை அவிழ்த்துவிட்டு வெளியே வந்தால் ஒரு கண்ணும் பார்க்காது. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிறபோது, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா என்பார்கள். அவருக்குத் துணியைப் பார்த்துப் பயமில்லை, அவிழ்ப்பதைப் பார்த்துத்தான் பயம். இருபத்தெட்டு வருஷமாக அவிழ்த்த முகத்தோடு நடமாடியாயிற்று, ரேஷன் கடைக்கு, யூனியன் கூட்டத்துக்கு, கல்யாணத்துக்கு, காரியத்துக்கு, யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. போன மாதம் இவர்கள் கூப்பிட்டபோது சாலிகிராமத்து ஆபீஸ் மாடி ஏறுகையில் ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்ததே, மறுபடியும் உங்களையேதான் மாஸ்டர் கட்டச் சொல்லப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, மறுப்பதா ஒத்துக்கொள்வதா என்று ஒவ்வொரு படியிலும் யோசித்துக்கொண்டே ஏறினாரே, அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பழைய போட்டோ இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்கள். மூன்று நடை நடந்து கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஆபீஸ் படி செங்குத்தாக இருக்கும், இறங்கும்போதெல்லாம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது.

இப்போது அவன் பாதித் தெரு வந்துவிட்டான். வலது கால், வலது கால், வலது கால். அட, நன்றாகத்தான் நடக்கிறான். இழுக்கவில்லை, காப்பாற்றிக்கொள்கிறான். இடது காலை ஊன்றி, வலது முட்டியை மடக்காமல் அரைவட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து, வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துத்தான் தரையில் வைக்கிறான். திருப்பிப் போட்ட படத்தைப் பார்த்து இவ்வளவு கற்றுக்கொள்ள முடியுமா. கொட்டைகூட இல்லாமல். எத்திராஜுக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டுக் கிடைத்தது இவனுக்கு எவன் வழியாகவோ கிடைத்துவிட்டது. தனபாலன் இருந்திருந்தால் சிகரெட்டைக் கீழே போட்டிருப்பார். அந்த நினைப்புதான் கடைசியாக இருந்த கொஞ்ச நஞ்ச இரக்கத்தையும் பொசுக்கியது. தனபாலன் இன்னொருவனுக்காகச் சிகரெட்டைப் போடுகிறார், செத்த பிறகும் போடுகிறார். கால் மட்டும் மாறாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தார். இடது கால் என்று இப்போது சொன்னால், இந்த நடையை அப்படியே அந்தக் காலுக்கு மாற்றிக்கொள்வான், அப்புறம் ஒரு குறையும் இருக்காது, அப்புறம் இந்த நடைக்குச் சொந்தக்காரன் என்று இவன் செத்தபிறகும் எழுதுவார்கள். வேண்டாம். குறை இருக்கட்டும். ஒரே ஒரு குறை, அதுவும் தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற குறை. கட் என்றாள் யாழினி. யாரும் கை தட்டவில்லை, எல்லோரும் ஒரு நிமிஷம் சும்மா நின்றார்கள், அது கைதட்டலைவிட மோசமாக இருந்தது.

யாழினி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரிடம் வந்தாள். கொஞ்சம் பயந்தமாதிரி இருந்தாள். "மாஸ்டர், நீங்க சொல்லுங்க. சரியா இருக்கா?" "பிரமாதம்மா." "இல்ல, மனசுல இருக்கறதச் சொல்லுங்க. கால் ஓகேவா?" கால் என்றே கேட்டுவிட்டாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை, எது வெளியே வரப்போகிறது என்று. சட்டைப்பைக்குள் விரல் புளியங்கொட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "காலுக்கு என்னம்மா, அச்சு அசல் அப்படியே இருக்கு. என்னையே பார்த்த மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் திரும்பி, தெருவில் துணியோடு நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், அவன் துணியோடேயே இரண்டு கையையும் கூப்பினான். ஷாட் ஓகே, சாப்பாடு, என்று யாரோ கத்தினார்கள். முடிந்தது. இனி சொன்னாலும் பிரயோஜனமில்லை. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று பார்த்தார், பொய்ச் சாட்சி சொல்லிவிட்டுக் கோர்ட்டுப் படி இறங்குகிறவன் மாதிரித்தான் இருந்தது. பரவாயில்லை, சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் சஞ்ஜித் வேனுக்குப் போகாமல் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலையெல்லாம் வேர்வை, தாடையில் லேசாகச் சிவப்பு. பருத்தித் துணியும் அரிக்கத்தான் செய்கிறது போல. எத்திராஜ் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சார், நீங்க கோவிச்சுப்பீங்களோன்னு காலைலேருந்து பயந்துக்கிட்டே இருந்தேன்." "எதுக்குத் தம்பி கோபம்." "கால மாத்தினதுக்கு." பிசைந்த கை நின்றது. அவன் குனிந்து, சாப்பாட்டைப் பார்த்தபடியே சொன்னான். "யாழினி மேடம் இடது காலைத்தான் பண்ணச் சொன்னாங்க சார். பழைய படத்த ஒரிஜினல் பிரிண்ட்லயே போட்டுக் காட்டினாங்க. நாப்பது நாள் முயற்சி பண்ணேன், வரல. இழுக்கற மாதிரியே இருந்துது. விட்டுடலாம்னுகூட நினைச்சேன். அப்பத்தான் நீங்க ஆபீசுக்கு வந்தீங்க." "நான் எங்க நடந்தேன், போட்டோ குடுத்துட்டுப் போனேன்." "மாடில இருந்து இறங்கிப் போனீங்கள்ல சார். நான் கார்ல உக்காந்திருந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலயே வந்தேன். மூணு நாளும் வந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க." இடது கையால் போனை எடுத்து, துடைத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தான். போனுக்குள் ஒரு கிழவர் போய்க்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, நரைத்த பிடரி, காலரில் கிழிசல். இடது காலை ஊன்றி, வலது முட்டியை மடக்காமல் அரைவட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வைத்து, மறுபடி இடது. எத்திராஜ் அவசரமாகப் பின்னால் இருந்த கடைப்பலகையைத் தேடினார். மருந்துக் கடை. எழுத்தெல்லாம் நேராக இருந்தது.

"மேடம்கிட்ட காட்டினேன் சார். அவங்களும் முதல்ல ஒத்துக்கல. இருபத்தெட்டு வருஷம் கழிச்சு வர்றவன் அதே கால எப்படி இழுப்பான், அத்தன வருஷம் அந்தக் காலுக்காக இன்னொரு கால்தானே வெயிட் தாங்கிருக்கும், அதானே தேஞ்சிருக்கும்னு சொன்னேன். அப்புறம்தான் சரின்னாங்க. ஆனா நீங்க ஓகே சொன்னாத்தான் வெப்போம், இல்லன்னா திரும்ப எடுக்கலாம்னு சொல்லித்தான் ஷாட்டே வெச்சாங்க." அவன் சிரித்தான். "என்னையே பார்த்த மாதிரி இருக்குன்னு சொன்னீங்களாமே சார். எனக்கு வேற எதுவும் வேணாம்." எத்திராஜ் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். வலது முட்டி மேஜைக்கு அடியில் தன்பாட்டுக்கு வலித்துக்கொண்டிருந்தது, எத்தனை வருஷமாக வலிக்கிறது இது, செருப்புக் கடையைத் திட்டிக்கொண்டிருந்த வருஷமெல்லாம் வலித்திருக்கிறது. "எப்பலேருந்து சார் முட்டி?" "எந்த முட்டி?" என்றார். அவன் சாப்பிட்டு முடித்தான். எழுந்து, "வாங்க சார், கை கழுவிட்டு வந்துடலாம்" என்றான். குழாய் எதிர்ச் சுவரோரம் இருந்தது, முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியையும் எத்திராஜ் கண்ணால் அளந்தார். எழுந்தால் இவன் பார்ப்பான். எழுந்திருப்பதைப் பார்ப்பான், மேஜையைப் பிடிப்பதைப் பார்ப்பான், முதல் அடியைப் பார்ப்பான். இடது காலை இழுத்தாலும் பார்ப்பான், நேராக நடக்க முயற்சி பண்ணினாலும் பார்ப்பான், அதையும் எடுத்து வைத்துக்கொள்வான். ஒரு காலத்தில் இப்படி ஒருவன் பார்க்கமாட்டானா என்று அவர் ஏங்கியிருக்கிறார். "நீ போ தம்பி. நான் இன்னும் மோர் சாதம் சாப்பிடணும்" என்றார். மோர் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது. சஞ்ஜித் போனான். கேமரா இல்லாத இடத்திலும் பழக்கத்தில் வலது காலைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய் வைத்தான். அவர் தோள் முதல் குதிகால்வரை தேடிப் பார்த்தார், ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை. அவன் கை கழுவினான், முகம் கழுவினான், திரும்பி நின்று அவருக்காகக் காத்திருந்தான். எத்திராஜ் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, விரலில் சாதம் காய்ந்துகொண்டிருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தார்.